அறுந்த செட்டை மீண்டும் வளரும்

பறவைக்குச் சிறகு எத்தகையதோ, மீனுக்குச் செட்டையும் அத்தகையது. வாற்செட்டை அதனை முன்னே தள்ளுகின்றது. மார்புச் செட்டைகள் அதனைத் திருப்புகின்றன, வேண்டியவிடத்து நிறுத்துகின்றன. முதுகுச் செட்டை உடல் ஒருபுறம் சரிந்துவிடாமற் காக்கின்றது. இவற்றுள் ஒன்று கிழிந்துபோனாலும் மீன் தளர்ந்துவிடுகின்றது. தொட்டியின் மூலையொன்றிலே ஒதுங்கி நிற்கின்றது. அதனை அன்போடு வளர்க்கும் சிறுவனும் அதன் அருகே வாடிய முகத்தோடு அமர்ந்துவிடுகின்றான். செட்டை கிழிந்த மீனுக்கு நாம் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை இவ்வாரம் இப்பகுதியில் ஆராய்வோம்.

இதனை எழுதத் தூண்டியவன் எம்மிடம் கற்கும் மாணவன் ஒருவன். பசறை வீதியை அடுத்த தோட்டமொன்றிலிருந்து நாள்தோறும் பஸ் ஏறிப் பதுளைக்கு வருபவன். தகப்பனார் சம்பள நாளன்று நகரத்துக் கடையிலே ஒரு தங்கமீனை வாங்கிக் கொடுத்திருந்தார். அழகுக்காக அதே தொட்டியில், கருவரிகள் கொண்ட ‘டைகர் பார்ப்’ என்னும் சிறுமீன்கள் நான்கையும் விட்டிருக்கின்றனர். அவை பிற மீன்களின் செட்டையைக் கடிக்கும் இயல்பின. இரண்டே நாளில் தங்கமீனின் வால் கந்தலாகிவிட்டது.

வீட்டிலே ஆளுக்கொரு வைத்தியம். “ஒரு கை உப்ப அள்ளிப் போடு சாமி, புண்ணு ஆறிப்போகும்” என்கிறார் அப்பாயி. காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய கப்சியூலைக் கரைத்து ஊற்றலாம் என்கின்றான் அண்ணன். மஞ்சட்டூள் நல்லது என்கின்றனர் அடுத்த காம்பராக்காரர். “இதிலே எதைச் செய்யட்டும், சேர்?” என்று கேட்டான் மாணவன். மூன்றில் எதனையும் உடனே செய்ய வேண்டாம் என்பதே நாம் கூறிய விடை. அது ஏன் என்பதை அறிவதற்குச் செட்டையின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்ளல் வேண்டும்.

செட்டை எவ்வாறு அமைந்துளது?

மீனின் செட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், விசிறியின் ஈர்க்குகளைப் போன்ற மெல்லிய கோடுகள் தெரியும். அவை செட்டைக் கதிர்கள். ஒவ்வொரு கதிரும் எலும்பினால் ஆனது. நீளவாக்கிலே பிளந்த மூங்கிற்குழாயின் இரு பாதிகள் ஒன்றையொன்று நோக்கி நிற்பனபோல அது அமைந்துள்ளது. அதுவும் ஒரே எலும்பன்று. சிறு சிறு துண்டுகள் கணுக்கணுவாகப் பொருந்தியவை. அதனாலேதான் செட்டை உறுதியாகவும் இருக்கின்றது, வளையவும் செய்கின்றது. கதிரினுள்ளே இரத்தக் குழாய்களும் நரம்புகளும் உள. கதிர்களுக்கிடையே மெல்லிய தோற்படலம் விரிந்துள்ளது.

படலம் மாத்திரம் கிழிந்தால் அது சிறு காயம். சில நாட்களில் ஒட்டிக்கொள்ளும். கதிரும் முறிந்து அறுந்தால் அது பெருங்காயம். எனினும், அறுந்த கதிரையும் மீள வளர்த்துக்கொள்ளும் ஆற்றலை இயற்கை மீனுக்கு அளித்திருக்கின்றது.

இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆராய்ச்சி

இவ்வாற்றலை முதன்முதலில் முறையாகச் சோதித்து எழுதியவருள் ஒருவர் புரூசோனே என்னும் பிரெஞ்சு அறிஞர். தங்கமீன்களின் செட்டைகள் வெட்டப்பட்ட பின் மீண்டும் வளர்வதை அவர் 1786ஆம் ஆண்டிலே வெளியிட்டார். பின்னர், பரம்பரை இயல்புகளை நிறமூர்த்தங்கள் கொண்டுசெல்வதை நிறுவி 1933ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற தோமஸ் ஹண்ட் மோர்கன் என்னும் அமெரிக்கரும், தம் ஆராய்ச்சி வாழ்வின் முற்பகுதியில் இழந்த உறுப்புகள் மீள வளர்தலையே ஆராய்ந்தார். மீனின் செட்டையும் அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று.

இக்காலத்து ஆய்வுகூடங்களிலே இதற்குப் பெரிதும் பயன்படும் மீன் நம் அயலது என்பதை அறிந்து மாணவர் மகிழலாம். உடல் நெடுக நீலவரிகள் கொண்ட ‘சீபிரா’ மீன், கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் வயல்நீரிலும் வாழ்வது. கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராயிருந்த பிரான்சிஸ் ஹமில்ற்றன் 1822ஆம் ஆண்டு வெளியிட்ட கங்கை மீன்கள் பற்றிய நூலிலே அதனை விவரித்தார். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்திலே ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதனை ஆராய்ச்சிக்கு உரியதாக்கி 1981இல் கட்டுரை வெளியிட்ட பின், உலகெங்கும் அது ஆய்வுகூடங்களிற் புகுந்தது.

அம்மீனின் வாற்செட்டை வெட்டப்பட்டால் நிகழ்வது இது. ஒரு நாளுக்குள் தோலின் கலங்கள் நகர்ந்து வந்து வெட்டுவாயை மூடுகின்றன. அடுத்த ஓரிரு நாளில், மூடிய தோலின் கீழே இளங்கலங்கள் திரண்டு சிறு மொட்டுப்போல் ஆகின்றன. அம்மொட்டிலிருந்தே எலும்பும் நரம்பும் இரத்தக் குழாயும் மீள உருவாகின்றன. 28 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில், ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று வாரங்களில் வால் பழைய உருவை எய்துகின்றது. எவ்வளவு நீளம் போயிற்றோ அவ்வளவு நீளமே வளர்ந்து, வளர்ச்சி தானாகவே நின்றுவிடுகின்றது. ஆழமாக வெட்டுண்ட கதிர் விரைந்தும், நுனி மாத்திரம் போன கதிர் மெல்லவும் வளர்கின்றன. அளவறிந்து வளரும் இவ்விந்தை எவ்வாறு நிகழ்கின்றது என்பதை அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர்.

இன்னும் ஒன்று. இதே மீனின் இதயக் கீழறையில் ஐந்திலொரு பங்கை வெட்டியெடுத்தபோது, இரண்டு மாதங்களுள் அதுவும் வளர்ந்துவிட்டதெனக் கெனத் பொஸ் முதலிய ஆராய்ச்சியாளர் 2002ஆம் ஆண்டிலே கண்டனர். மனிதரின் இதயத்தசை இறந்தால் அவ்விடத்தில் தழும்பே எஞ்சுகின்றது. ஆதலின், மீனின் செட்டையை ஆராய்வது வீண் வேடிக்கையன்று. ஒரு நாள் மனிதரின் நோய்க்கும் வழிகாட்டக்கூடிய ஆராய்ச்சி அது.

செட்டையின் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு. அடிப்பகுதி எஞ்சியிருந்தாற்றான் செட்டை வளரும். உடலோடு பொருந்தும் அடித்தசையும், அதனைத் தாங்கும் எலும்பும் அழிந்துவிட்டால் பெரும்பாலும் வளராது.

ஆறு இல்லாதவிடத்தில் ஆறாக இருத்தல்

பதுளை ஓயாவில் வாழும் மீன்களும் பாறையில் மோதிச் செட்டையைக் கிழித்துக்கொள்கின்றன. பெருமீனின் வாய்க்குத் தப்பி அறுந்த வாலோடு ஓடுகின்றன. அவற்றுக்கு எவரும் வைத்தியஞ் செய்வதில்லை. ஓடும் நீர் அழுக்கை அகற்றுகின்றது. பாறையிலும் அருவியிலும் மோதி ஒட்சிசனைக் கலந்துகொள்கின்றது. பகைமீன் துரத்தினால் ஒதுங்குதற்கு இடமும் உண்டு. தொட்டி மீனுக்கு இவை மூன்றும் இல்லை. தூய நீர், காற்று, ஒதுங்கிடம் ஆகிய இம்மூன்றையும் நாம் அளித்தால், செட்டையை மீனே வளர்த்துக்கொள்ளும். மீன் வைத்தியம் என்பது பெரும்பாலும் இவ்வளவே.

முதலில், காயத்துக்குக் காரணமானதை அகற்றுக. கடிக்கும் மீனைப் பிரித்தெடுத்தல் வேண்டும். கூரிய கல்லோ பிளாத்திக்குச் செடியோ கிழித்திருந்தால் அதனை வெளியே எடுக்க. செடி கிழிக்குமா என்று அறிய எளிய வழியொன்று உண்டு. மெல்லிய நைலோன் துணியை அதன்மீது இழுத்துப் பார்க்க. துணி மாட்டிக்கொண்டால் செட்டையும் மாட்டும்.

அடுத்து, காயமுற்ற மீனுக்குத் தனியிடம் அளிக்க. பத்துப் பதினைந்து லீற்றர் கொள்ளும் பிளாத்திக்கு வாளியே சிறுமீனுக்குப் போதும். ஆனால் சவர்க்காரமோ கழுவும் தூளோ முன்னர்ப் படாத வாளியாக இருத்தல் வேண்டும். காற்றுப்பம்பு இருந்தால் மெல்லிய குமிழிகள் வருமாறு வைக்க. ஒதுங்கி நிற்க ஒரு சிறு மட்பாண்டத்தைச் சரித்துவைக்க. மேலே வலைத்துணியாற் கட்டுக. மீன் துள்ளி வெளியே விழாது. டெங்கு நுளம்பும் முட்டையிடாது.

மூன்றாவது, நீர். மீன் செவுள் வழியாக அமோனியாவை வெளிவிடுகின்றது. எஞ்சிய உணவும் அழுகி அமோனியா ஆகின்றது. அமோனியா செவுளையும் தோலையும் எரிக்கும் நஞ்சு. பழகிய தொட்டியிலே நல்ல பற்றீரியாக்கள் வடிகட்டியிலும் பரலிலும் குடியேறி, அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். வாளியில் இவை இல்லாமையால், நாள்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுதல் வேண்டும். நீர் முழுவதையும் ஒரே தடவையில் மாற்றுதல் ஆகாது. வெப்பமும் தன்மையும் சடுதியில் மாறினால், காயத்தினும் அதுவே பெருந்துன்பமாகும்.

நம் பகுதியிலே நீர் இருவகை. நகரத்துக் குழாய்நீரிலே குளோரீன் உண்டு. அது மனிதரைக் காப்பது. மீனின் செவுளைப் புண்ணாக்குவது. அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்துவைத்து, அல்லது கடையில் விற்கும் குளோரீன் நீக்கியை அளவறிந்து சேர்த்து, அதன் பின்னரே ஊற்றுக. தோட்டங்களுக்கு மலையூற்றிலிருந்து வரும் நீரிலே பெரும்பாலும் இத்தொல்லை இல்லை. ஆனால் தேயிலைக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ மருந்து தெளித்தபின் மழை பெய்தால், ஓடைநீரை அன்று பிடித்தல் ஆகாது. முன்னரே இரண்டொரு வாளி நீரைப் பிடித்து மூடிவைத்தல் நன்று. கச்சான் வீசி ஊற்றுகள் வற்றும் மாதங்களில் இம்முன்யோசனை இன்னும் வேண்டும்.

உப்பும் மருந்தும்

அப்பாயி கூறிய உப்பு பொய்யன்று. பிழை ‘ஒரு கை’ என்னும் அளவிலேதான். நன்னீர் மீனின் உடலுக்குள்ளே உள்ள உப்பு, சுற்றியுள்ள நீரிலும் மிகுதி. ஆதலின் நீர் காயத்தின் வழியாக உடலினுள்ளே புகுந்துகொண்டே இருக்கும்; மீன் அதனை ஓயாது வெளியேற்றல் வேண்டும். நீரிலே சிறிது உப்புச் சேர்த்தால் அவ்வுழைப்புக் குறைகின்றது. லீற்றர் ஒன்றுக்கு ஒரு கிராம், அதாவது ஐந்து லீற்றருக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி அளவு, தங்கமீனுக்கும் கப்பிக்கும் சண்டைமீனுக்கும் போதும். வேறு பாத்திரத்திற் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றுக. உப்பு ஆவியாய்ப் போவதன்று. ஆகையால் நீர் மாற்றும்போது மாற்றிய நீருக்குரிய உப்பை மாத்திரமே சேர்த்தல் வேண்டும். இதனை மறந்து நாள்தோறும் முழு அளவு போடுவோர் ஒரு வாரத்தில் மீனைக் கருவாட்டுக்கு ஆயத்தஞ் செய்தவராவர். செதிலில்லாத கெளிற்றின மீன்களும் நீர்ச்செடிகளும் உப்பைப் பொறுக்கமாட்டா.

வீட்டில் மிஞ்சிய கப்சியூலைத் தொட்டியிற் கரைத்தலை நாம் வன்மையாக மறுக்கின்றோம். எந்தக் கிருமி, எவ்வளவு நீர், எத்தனை நாள் என்று அறியாமற் போடும் மருந்து, நோய்க் கிருமியை முற்றாகக் கொல்வதில்லை. மருந்துக்கு அஞ்சாத கிருமியையே எஞ்சவிடுகின்றது. அந்நீரை ஊற்றும் கான் மற்றொரு வீட்டாரின் ஓடையைச் சேர்கின்றது. அம்மருந்து தொட்டியின் நல்ல பற்றீரியாவையும் அழிக்கக்கூடும். மஞ்சட்டூள் நம் உடற்காயத்துக்கு வழக்கமான பரிகாரமே. ஆயினும் அது நீரிற் கரையாது மிதந்து, செவுளில் ஒட்டி, நீரையும் கலக்கும்.

உண்மையாகவே மருந்து வேண்டும் நிலையும் உண்டு. செட்டையின் ஓரம் நாளுக்கு நாள் தேய்ந்து உட்செல்லுதல், ஓரம் சாம்பல் நிறமாய்க் குழைதல், அடியிலே இரத்தச் சிவப்புக் காணுதல், பஞ்சு போன்ற பூசணம் படர்தல், மீன் உணவை மறுத்தல் ஆகியன செட்டையழுகலின் குறிகள். இவை தோன்றினால் முதலில் நீரைத் திருத்துக. இரண்டொரு நாளிற் குறையாவிடின் அரசாங்கக் கால்நடை வைத்தியரிடம் அறிவுரை கேட்க. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே கால்நடை மருத்துவ பீடம் உண்டு. நம் பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் நீர்வாழ் வளங்கள் பற்றிய பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. ‘மீனுக்கும் வைத்தியமா’ என்று நாணுதல் வேண்டா.

வளர்ச்சியை நோயென மயங்குதல்

நல்லெண்ணமுடையோர் பலரும் தவறும் இடம் இதுவே. செட்டை வளரத் தொடங்கும்போது நிறத்தோடு வளர்வதில்லை. அறுந்த ஓரத்திலே கண்ணாடி போன்ற அல்லது வெண்மையான மெல்லிய விளிம்பு தோன்றும். நிறம் பின்னரே ஏறும். அவ்வெண்மையைப் பூசணமென்று மயங்கி மருந்தை ஊற்றினால், குணமாகி வரும் மீனை நாமே நோயாளியாக்குகின்றோம்.

எம் மாணவனும் பத்தாம் நாள் கலங்கி ஓடிவந்தான்: “சேர், வாலிலே வெள்ளை படர்ந்திட்டுது.” மீன் உண்கின்றதா என்று கேட்டோம்; உண்கின்றது என்றான். ஓரம் உள்ளே போகின்றதா, வெளியே வருகின்றதா என்று கேட்டோம். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வாளியின் நீரைச் சிறிய கண்ணாடிப் போத்தலில் எடுத்து, மீனைச் சிறிது நேரம் அதில் விட்டு, வெளியே அடிமட்டத்தைப் பிடித்து அளந்து குறித்து வருமாறு பணித்தோம். மூன்று நாளுக்கொரு முறை அளந்தான். இரண்டு மில்லிமீற்றர், மூன்று மில்லிமீற்றர் என ஓரம் வெளியே வந்துகொண்டிருந்தது. படர்ந்தது வெள்ளையன்று, புதுச்செட்டை. இரண்டு மாதம் நிறைவெய்துமுன் வால் முழுமை பெற்றது. ஒரு கதிர் மாத்திரம் சற்றே வளைந்து நிற்கின்றது. மீன் அதனைப் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை.

ஆய்வுகூடத்திலே மூன்று வாரத்தில் முடிவது இங்கே இரண்டு மாதம் சென்றது ஏன் என்று மாணவர் வினவலாம். மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தையே பின்பற்றுவது. குளிரிலே கலங்கள் மெல்லவே பெருகும். பதுளை நகர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை, அப்புத்தளைத் தோட்டங்கள் 1,200 மீற்றருக்கு மேலானவை. தங்கமீன் குளிரைத் தாங்கும்; அதற்குச் சூடு வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும். வெப்பநாட்டு மீன்களாகிய கப்பிக்கும் சண்டைமீனுக்கும் 24 முதல் 28 பாகை வரை வேண்டும். மின்வெப்பமூட்டி இல்லாதவர் வாளியைத் தடித்த துணியாற் சுற்றி, சாளரத்துக்கு அப்பால், வெறுந்தரையிற் படாது பலகைமேல் வைக்க. வெந்நீரை ஊற்றுதல் ஆகாது. அடுப்பருகிலும் வைத்தல் ஆகாது. நுளம்புச் சுருளிலும் பூச்சி மருந்திலும் உள்ள பைரத்திரம் வகை நஞ்சு மீனுக்கு மிகக் கொடியது. லயத்துக் காம்பராவிலே சுருள் கொளுத்தும் இரவுகளில் வாளியை மூடி வேறிடத்தில் வைத்தல் வேண்டும். தேயிலை மலையில் மருந்து தெளித்து வருவோர் கைகளை நன்கு கழுவிய பின்னரே மீனின் நீரைத் தொடுதல் வேண்டும்.

உணவிலும் அடக்கம் வேண்டும். நோயுற்ற பிள்ளைக்கு ஊட்டுவதுபோல மீனுக்கும் அள்ளிப் போடுதல் தாய்மாரின் இயல்பு. உண்ணாத உணவு நீரை நஞ்சாக்கும். இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்குமளவு, நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை போதும். சோற்றுப் பருக்கையும் ரொட்டித் துண்டும் வேண்டா. தங்கமீனுக்கு, அவித்துத் தோல் நீக்கி நசுக்கிய பட்டாணிக்கடலை சிறிது கொடுக்கலாம்.

மாணவர்க்கு ஒரு சொல். வீட்டிலே செட்டை கிழிந்த மீன் இருந்தால் அதற்கென ஒரு கொப்பியை வையுங்கள். நாள், நீரின் வெப்பம், மாற்றிய நீரின் அளவு, உண்டதா இல்லையா, செட்டையின் நீளம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். சோதிப்பதற்காக எந்த மீனின் செட்டையையும் வெட்டாதீர்கள். தற்செயலாகக் காயமுற்றதே கற்பதற்குப் போதும். மீன் நலமானபின் கடித்த மீன்களோடு மீண்டும் சேர்க்காதீர்கள். வளர்க்க இயலாத மீனை ஓடையிலும் விடாதீர்கள், கடைக்காரரிடமோ தோழரிடமோ கொடுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். நான்கு ரூபாய்க்கு வாங்கினாலென்ன, நானூறு ரூபாய்க்கு வாங்கினாலென்ன, “அது செத்தால் வேறொன்று வாங்கலாம்” என்று பிள்ளையின் முன் கூறாதீர்கள். தன்னை நம்பியிருக்கும் ஓர் உயிருக்காக நாள்தோறும் நீர் சுமந்து மாற்றும் பிள்ளை, பிற்காலத்தில் வீட்டிலே முதியோர் ஒருவர் நோயுற்றுக் கிடக்கும்போதும் முகஞ்சுளியாது பக்கத்தில் இருப்பான். வாளியில் நீர் மாற்றுவதற்குப் பத்து நிமிடம் போதும். அதை அவனையே செய்யவிடுங்கள்.